பிள்ளைகளுக்கும் மாடு ஆடுகளுக்கும் ஒரே கேமரா: முதல் டிஎஸ்எல்ஆர் எதை வாங்கலாம்?

கேள்வி இதுதான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். கூடவே மாடும் ஆடும் வளர்க்கிறார்கள். இதுவரை எல்லாப் படமும் மொபைலில்தான். பிள்ளைகள் ஓடினால் படம் கலங்கிவிடுகிறது. விற்பனைக்காக மாட்டைப் படம் எடுத்தால் தலை பெருத்தும் பின்பக்கம் சூம்பியும் தெரிகிறது. முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா) வாங்கப் போகிறார்கள். கேனனா நிக்கானா, புதிதா பழையதா, இல்லை எல்லோரும் சொல்வதுபோல அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கே போய்விடலாமா?

முதலில் லென்ஸை முடிவு செய்யுங்கள், கேமராவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகள். மாட்டுக்குத் தள்ளி நின்று எடுக்க வேண்டும், வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சின்ன அறையில் பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும், வெளிச்சம் போதாது. கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும். பணத்தை எல்லாம் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) போட்டுவிட்டுக் கிட் லென்ஸோடு நிற்பவர்கள்தான் "டிஎஸ்எல்ஆர் வாங்கியும் மொபைல் மாதிரிதானே இருக்கிறது" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

மாட்டின் தலை ஏன் பெருக்கிறது என்று பார்த்தால் எந்த லென்ஸ் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள மாடு, இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டால் 3.2 மீட்டர் அகலம் படத்துக்குள் வர வேண்டும். மொபைலின் சாதாரண கேமராவில் அதற்கு நீங்கள் கிட்டத்தட்ட 2.3 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். மாடு நேர்ப் பக்கவாட்டில் நிற்காமல் தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பி, பின்பக்கத்தைவிடத் தலை ஒரு மீட்டர் அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை 1.8 மீட்டரில், பின்பக்கம் 2.8 மீட்டரில். அதாவது தலை ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகப் பதிவாகும். அதே மாட்டை 14 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் வித்தியாசம் ஏழெட்டு சதவீதம்தான், கண்ணுக்குப் படாது. உடல் அமைப்பைச் சரியாகக் காட்டுவது தூரம்தான். அந்தத் தூரத்திலிருந்து மாட்டைப் படம் நிறையக் கொண்டுவருவது மட்டுமே லென்ஸின் வேலை.

ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள கேமராவில் (முதல் கேமராவாக வாங்கும் எல்லாமே பெரும்பாலும் இந்த வகைதான்) 14 மீட்டருக்கு 100 மி.மீ. லென்ஸ் தேவைப்படும். அவ்வளவு இடம் இல்லையென்றால் 55 மி.மீ.யில் 8 மீட்டர் போதும், அதுவே மொபைலைவிட எவ்வளவோ மேல். வெள்ளாடு என்றால் 100 மி.மீ.யில் ஆறு மீட்டர். ஆக, 55 அல்லது 70 மி.மீ.யிலிருந்து 250 அல்லது 300 வரை போகும், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஒரு டெலி ஜூம்தான் உங்கள் முதல் லென்ஸ். அதன் நீண்ட முனை (250, 300 பக்கம்) மேய்ச்சலில் இருக்கும் மாடுகளுக்கும், துள்ளும் ஆட்டுக்குட்டிக்கும், பள்ளி விளையாட்டு விழாவுக்கும் உதவும்.

கேனன் என்றால் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். நிக்கான் என்றால் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர். இரண்டுமே எடை குறைந்தவை, விலைக்கு மீறிய தரம் உள்ளவை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரட்டை லென்ஸ் செட் என்று விற்கும் பெட்டிகளில் சில சமயம் கேனனின் 75-300 வரும். அதில் அதிர்வுத் தடுப்பு (கேனனில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்று பெயர்) கிடையாது, நீண்ட முனையில் படம் மங்கலாகவும் இருக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் மகிழ வேண்டாம். நிக்கானின் 70-300-லும் விஆர் இல்லாத வகை ஒன்று உண்டு. பெயரில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வீட்டுக்குள். இங்கே தேவை, திறப்பு பெரிய ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ். எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. நிக்கானில் இதற்குச் சரியான விடை டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8. கிட் லென்ஸ் அதே 35 மி.மீ.யில் ஏறக்குறைய எஃப்/4.5 வரைதான் திறக்கும். 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஷட்டர் வேகம் 1/30 நொடி கிடைக்கும் அறையில் இதில் 1/180 வரை கிடைக்கும். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் முகம் கலங்குவதற்கும் தெளிவாக நிற்பதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான். கேனனில் விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் பிரபலம். முகங்களுக்கு அழகான லென்ஸ், ஆனால் சின்ன அறையில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். குடும்பம் முழுவதும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் இருக்கிறது. பிஸ்கட் கனம்தான், ஆனால் வெளிச்சம் 1.8 அளவுக்கு வராது. பிள்ளைகள் இன்னும் கைக்குழந்தைகள் என்றால் 50, ஓடித் திரிகிற வயது என்றால் 24 என்பது என் கணக்கு. இன்னொன்று, 1.8-இல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மங்கிவிடுவார். இரண்டு பேர் என்றால் 2.8, மூன்று பேருக்கு மேல் என்றால் 4.

சரி, இப்போது பாடி.

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலே 20 அங்குலம் அகலம் வரும். எந்த மாடலும் உங்களுக்குப் போதும். இந்த இரண்டு வேலைகளுக்கும் பொதுவாக வேண்டிய ஒரு வசதி வேறு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆடும் குழந்தையும் உங்கள் இடுப்புக்குக் கீழே இருப்பவர்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் ஆட்டின் கால்கள் குட்டையாகும், குழந்தையின் தலை மட்டும் பெரிதாகும். கேமரா அவர்கள் உயரத்துக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சாணத்தில் முட்டி போட முடியாது என்பதால், வெளியே மடிந்து திரும்பும் திரை உங்களுக்கு ஆடம்பரம் அல்ல. அதோடு, திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்க வேண்டும்.

இந்த ஒரு இடத்தில் கேனன் முந்துகிறது. 2013-இல் 70டி-யில் தொடங்கிய டூயல் பிக்சல் ஃபோகஸ் முறை 80டி, 800டி, 250டி (சில நாடுகளில் 200டி மார்க் 2) போன்றவற்றில் உண்டு. திரையில் முகத்தைக் கண்டுபிடித்து வேகமாகப் பின்தொடரும். நிக்கான் டி5600-க்கும் திரும்பும் திரை உண்டு. ஆனால் திரை வழியாக எடுத்தால் ஃபோகஸ் தடுமாறித் தடுமாறித்தான் நிற்கும், அதற்குள் குட்டி பட்டியைத் தாண்டியிருக்கும். டி3500-இல் திரை அசையவே அசையாது. கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு டி3500 அருமையான கேமரா: 415 கிராம், ஒரு பேட்டரிக்கு 1550 படம் என்பது நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கணக்கு. உங்கள் தேவைக்கு மட்டும் அது இரண்டாம் இடம்.

கேனனுக்குள்ளேயே 1500டி, 3000டி இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். டூயல் பிக்சல் இல்லை, தொடர்ச்சியாக எடுத்தால் நொடிக்கு மூன்று படம்தான். 3000டி-யில் லென்ஸ் பொருந்தும் வளையமே பிளாஸ்டிக். 250டி கைக்கு அடக்கமானது, ஆனால் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான். 800டி-யிலும் 80டி-யிலும் 45 புள்ளிகள், எல்லாமே குறுக்கு வகை. கறுப்பு எருமையை எடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும், கீழே சொல்கிறேன். பழையது வாங்கத் தயங்காதவர் என்றால் நல்ல நிலையில் உள்ள 80டி. எடை குறைவு வேண்டும், புதிதாகக் கிடைக்கிறது என்றால் 250டி. 250டி-யில் ஒரு குறை: ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுத் தொடர்பு இல்லாததால் மற்ற நிறுவனங்களின் எளிய ஃபிளாஷ்கள் பல அதில் எரியாது.

நிக்கான்தான் வேண்டும், வீட்டில் யாரோ பழைய லென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் பொருந்தும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. அதற்கு டி7200 அல்லது டி7500 வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால், மேலே சொன்ன புது ஏஎஃப்-பி லென்ஸ் டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. லென்ஸையும் பாடியையும் தனித்தனியாகப் பழையதில் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். கொட்டகையின் ஈரமும் தூசியும்தான் பெரிய கவலை என்றால் பென்டாக்ஸ் கே-70 ஒன்று இருக்கிறது. அடைப்புகள் போட்ட உடல், பாடிக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு. ஆனால் லென்ஸ்கள் எளிதில் கிடைக்கும் வசதி மற்ற இரண்டுக்குத்தான் அதிகம்.

மிரர்லெஸ் கேள்விக்கு வருகிறேன். கேனனும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல்களை 2020-க்குப் பிறகு வெளியிடவில்லை. பணம் தடையில்லை என்றால் மிரர்லெஸ் வாங்குவதே நல்லது. ஓடும் குழந்தையின் கண்ணைத் தானாகப் பிடிக்கும் வசதி ஒன்றுக்காகவே வாங்கலாம். விலங்குகளின் கண்ணையும் பிடிக்கும் என்பார்கள், ஆனால் அது நாய், பூனையை மனத்தில் வைத்து வந்த வசதி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். அளந்து செலவழிக்க வேண்டும் என்றால், அதே தொகையில் பாடியும் இரண்டு நல்ல லென்ஸும் சேர்ந்து கிடைப்பது பழைய டிஎஸ்எல்ஆரில்தான். பின்னாளில் மாறினாலும் கேனனின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வழியாகப் புது ஆர் வரிசை கேமராவில் ஃபோகஸோடு வேலை செய்யும். லென்ஸில் போட்ட பணம் கரையாது.

கறுப்பு எருமை, வெள்ளை ஆடு. கேமராவைக் குறை சொல்லும் படங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். கறுப்பு எருமை படம் நிறைய நின்றால் "இருட்டு" என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எருமை வெளிறிச் சாம்பல் பூசியதுபோல வரும், பின்னால் வானம் வெந்துபோகும். வெள்ளை ஆட்டுக்கு நேர்மாறு, அழுக்கு ஆடாகிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி, கறுப்புக்கு கழித்தல் 1, வெள்ளைக்கு கூட்டல் 1 வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தைப் பொறுத்து அங்கிருந்து கொஞ்சம் நகர்த்தலாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த மாடுதான் உண்மையில் சிரமம். அங்கே வெள்ளைத் திட்டுகளைக் காப்பாற்றுங்கள். திரையில் அதிக வெளிச்சம் விழுந்த இடம் மின்னிக் காட்டும் வசதியை இயக்கி வைத்து, மின்னுவது நிற்கும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்திருந்தால் கறுப்புப் பகுதியைப் பிறகு தூக்கிவிடலாம், எரிந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கறுப்பு மாட்டின் வயிற்றில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். ஃபோகஸுக்கு வெளிச்ச வேறுபாடு வேண்டும், வழவழப்பான கறுப்பில் அது கிடையாது. கண்ணின் ஓரம், கொம்பின் விளிம்பு, கழுத்துக் கயிறு என்று எங்காவது கோடு தெரியும் இடத்தில் புள்ளியை வையுங்கள். குறுக்கு வகைப் புள்ளிகள் படுக்கை, செங்குத்து இரண்டு திசைக் கோடுகளையும் பிடிக்கும் என்பதால்தான் 80டி-யைச் சொன்னேன்.

நிறமும் விற்பனைக்கு முக்கியம். பச்சைத் தார்ப்பாய்க்கு அடியிலோ மரநிழலிலோ செம்பழுப்பு மாடு பச்சை கலந்த மண் நிறமாக வரும். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல், திறந்த வெளியில் நிறுத்தி வெயிலுக்கு வெயில், நிழலுக்கு நிழல் என்று நீங்களே வையுங்கள். வாங்குபவர் நேரில் வந்து "படத்தில் வேறு நிறமாக இருந்ததே" என்று கேட்கும்படி ஆகக் கூடாது.

மாட்டை நிறுத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும், முடிந்தால் மூன்று. ஒருவர் கயிற்றோடு. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், காலை அல்லது சாயங்கால வெயில். மாட்டின் முதுகுக்கும் வயிற்றுக்கும் நடு உயரத்தில் கேமரா. நான்கு காலும் ஒன்றை ஒன்று மறைக்காமல் தனித்தனியாகத் தெரிய வேண்டும், கறவை மாடு என்றால் மடியும். குளம்பு புல்லில் புதையாத இடமாகப் பாருங்கள். இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு காது தொங்கிக்கொண்டிருந்தால் மாடு சோர்ந்தது போலத் தெரியும். அப்போதுதான் மூன்றாவது ஆள், மாடு பார்க்கும் திசையில் தள்ளி நின்று தீவன வாளியை ஒரு தட்டு தட்ட வேண்டும். காது இரண்டும் முன்னால் திரும்பும், கழுத்து நிமிரும். அந்த நிலை ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி. தொடர் படமாக எடுத்துவிடுங்கள். வாளிச் சத்தத்துக்கு மாடு சீக்கிரம் பழகிவிடும், பிறகு திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே எல்லாம் தயாராகும் வரை வாளியைத் தொட விடாதீர்கள்.

ஷட்டர் வேகம் நிற்கும் மாட்டுக்கு 1/250, ஓடும் பிள்ளைக்கு 1/500, துள்ளும் குட்டிக்கு 1/1000. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குட்டியின் ஓட்டத்தை அல்ல. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை தயங்காமல் போகலாம். கொஞ்சம் புள்ளி தெரியும் படத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கலங்கின படத்தைச் சொல்வார்கள். நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்க, ஃபோகஸ் முறையைக் கேனனில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி என்று மாற்றிவிடுங்கள்.

கொட்டகைக்குள் ஃபிளாஷ் வேண்டாம். மாட்டின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாக எரியும், சில மாடுகள் மிரளவும் செய்யும். வாசல் பக்கம் ஓட்டி வந்து எடுங்கள். காளையை எடுக்கும்போது இன்னொரு விஷயம்: டெலி லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்ற தூர உணர்வு போய்விடும். கயிற்றைப் பிடித்திருப்பவரின் குரலுக்கு ஒரு காதைக் கொடுத்தே வையுங்கள்.

வைக்கோல் தூசி பறக்கும் இடத்தில் லென்ஸை மாற்றாதீர்கள், வெளியே போகும்போதே டெலி ஜூமை மாட்டிக்கொண்டு போய்விடுங்கள். சென்சாரில் தூசி விழுந்தால் வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் அது தூசியைவிடப் பெரிய செலவு. ரப்பர் ஊதுகுழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவைக் கொட்டகை அலமாரியில் வைக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும், பூஞ்சை வராது. வேறு பண்ணைக்குப் போய் எடுத்து வந்தால் கழுத்துப் பட்டையையும் செருப்பையும் கழுவிவிட்டு உங்கள் மாடுகளிடம் போங்கள். நோய் பட்டையில் ஒட்டிக்கொண்டும் வரும்.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியவை. வெளிர் சுவரையோ வானத்தையோ எஃப்/16-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் தூசியும் கீறலும் தெரியும். தூசி துடைத்தால் போய்விடும், கீறல் போகாது. லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள், சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் அந்த எண் படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கேனனில் பல மாடல்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். 80டி-யின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்கு என்று சோதிக்கப்பட்டது. முப்பது நாற்பதாயிரத்துக்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உங்கள் லென்ஸையும் மெமரி கார்டையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே நடமாடுகிற ஒருவரைப் பத்துப் படம் எடுத்து, பெரிதாக்கிக் கண்ணில் ஃபோகஸ் விழுகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.